ஏறிட்டேன், இறங்கிட்டேன்

அப்பா டிரைவர். அம்மா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். இப்படி ஒரு வீட்டில் பிறந்த பெண் குள்ளமாகவும் துறுதுறுப்பாகவும் இருந்துவிட்டால் அவளுக்கு என்ன பெயர் கிடைக்கும்? மினி பஸ் என்றுதான் கிடைக்கும். சான்றிதழ்களில் வேறு ஏதோ அழகான பெயர் இருக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்பா ஒரு நாள் விளையாட்டாகக் கூப்பிட்டார், டிப்போவே அதைப் பிடித்துக்கொண்டது. இருபத்து மூன்று வயதில், கடல் கடந்து, ஆற்று நீரைப் பற்றி மேல்படிப்பு படிக்கப் போன பிறகும் அம்மா போனை எடுத்தால் "என்னடி மினி பஸ்ஸு, சாப்ட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

டைம்கீப்பர் என்றால் யார் என்று பஸ்ஸில் ஏறி இறங்குகிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கழிப்பறைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை இருக்கும். கம்பி போட்ட ஜன்னல், மேலே ஓடியும் ஓடாமலும் ஒரு ஃபேன், மேஜை மேல் பாதி மேஜையை அடைக்கிற நோட்டு. அந்த நோட்டில் இரண்டே கட்டம்தான் முக்கியம். வண்டி புறப்பட்ட நேரம் ஒன்று, வந்து சேர்ந்த நேரம் ஒன்று. முதல் கட்டம் நிரம்பி இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வண்டி இன்னும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம். ஜன்னலில் ஆட்கள் வந்து முட்டுவார்கள். "வருமா வராதா, சொல்லும்மா!" அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வந்துகிட்டே இருக்கு" என்பாள். இருபத்தாறு வருஷமாக அதே பதில்தான்.

வேலை பார்க்கிறவர்கள் வேலையை வேலையிடத்தில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பார்கள். அம்மாவிடம் அதெல்லாம் நடக்காது. பெண் முதன்முதலாகத் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறிய நாளிலேயே வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டுவிட்டாள். பஸ்ஸில் ஏறினால் 'ஏறிட்டேன்'. இறங்கினால் 'இறங்கிட்டேன்'. முதலில் ஒரு ரூபாய் போனில், பிறகு குறுஞ்செய்தியில், பிறகு வெளிநாட்டிலிருந்தும் அதே இரண்டு வார்த்தைகள்தான். ஒன்று வந்தால் இன்னொன்று வந்தாக வேண்டும். வராவிட்டால் அம்மா நிற்க மாட்டாள், உட்கார மாட்டாள், ஒரு வாய்த் தண்ணீர் இறங்காது.

அந்த வீட்டில் அனுமதி கேட்டாலும் பதில் இரண்டே வார்த்தைகள்தான். ஒரு காரியத்துக்கு அம்மா சம்மதித்தால் "ரைட்". சம்மதிக்காவிட்டால் "ஓல்டேன்". வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் கண்டக்டர்கள் கத்திக் கத்தி டிப்போவின் சுவரிலெல்லாம் ஊறிப்போன சொற்கள். மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறேன் என்று பெண் கேட்டபோது முதல் நாள் ஓல்டேன், மறுநாளும் ஓல்டேன். மூன்றாம் நாள் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "ரைட்டு" என்றாள். விமான நிலையத்தில் கன்னத்தைத் தடவிவிட்டு ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தாள். "அங்க பஸ்ஸு நல்லா இருக்குமாம். எங்க வேணா போ, வா. மலைக்கு மட்டும் ஓல்டேன்."

அதற்குக் காரணம் உண்டு. அப்பா முன்பெல்லாம் மலை ரூட்டில் வண்டி ஓட்டியவர். பெண்ணுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒரு மழைநாளில் மண் சரிந்து அவருடைய பஸ் வழியில் மாட்டிக்கொண்டது. முப்பது மணி நேரம் தகவல் இல்லை. அந்த முப்பது மணி நேரமும் அம்மா அதே ஜன்னலில் உட்கார்ந்து, பயணிகளின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் "வந்துகிட்டே இருக்கு, பயப்படாதீங்க" என்று சொன்னாள். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் தன் புருஷன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. கால் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பிடித்து நசுக்கிக்கொண்டே இருந்தன. பஸ் வந்தது, அப்பா சேறும் சகதியுமாக இறங்கினார், அம்மா நேரத்தைக் கேட்டுக் கட்டத்தில் எழுதினாள். மறு வாரமே அப்பா டவுன் பஸ்ஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை முனகியதில்லை.

இப்போது அந்த வெளிநாட்டு ஊருக்கு வருவோம். மினி பஸ் குடியிருந்தது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஜன்னல் தெருவின் தரையோடு தரையாக இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் ஆட்கள் தெரிய மாட்டார்கள், செருப்புகள்தான் தெரியும். பகலில் வகுப்பு, சாயங்காலம் நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குகிற வேலை. எதிர் அறையில் இருந்தவள் இவளுக்கு இரண்டு வருஷம் சீனியர், தமிழ்க்காரி, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். நெட்டையக்கா. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

நெட்டையக்காவுக்கு மலைப் பைத்தியம். சொந்தமாகக் கூடாரம் வைத்திருந்தாள். பத்து நாள் விடுமுறை வந்ததும் ஒரு வரைபடத்தைக் கட்டில் மேல் விரித்தாள்.

"இந்தக் கோடியில நாம இருக்கோம். அந்தக் கோடியில மலை இருக்கு. நடுவுல மூணு நாள் பஸ்ஸு. மேல ரெண்டு ராத்திரி தங்கறோம். வர்றியா?"

"மூணு நாள் பஸ்ஸா?" மினி பஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். அப்புறம் முகம் விழுந்துவிட்டது. "மலைக்கு அம்மா விட மாட்டாங்கக்கா."

"கேட்டுப் பாரேன்."

"கேட்டா ஓல்டேன்னு சொல்வாங்க. சொன்னப்புறம் போக முடியாது. கேக்காம இருந்தா…"

கேட்கவில்லை. இதுதான் அவள் செய்த தப்பு, இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அம்மாவிடம் சொன்ன கதை இது: மூன்று நாள் பஸ் பயணம், கடைசியில் ஒரு சின்ன ஊரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஏரிக்கரை ஊருக்குப் போகிறோம், அங்கே நெட்டையக்காவின் சித்தி வீடு. ஏரி உண்மை, ஊர் உண்மை. சித்திதான் இல்லை. அம்மா சந்தோஷமாக "ரைட்டு ரைட்டு, டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றாள். ஒவ்வொரு வண்டியின் எண்ணும் நேரமும் அங்கே வீட்டு நோட்டில் ஏறியது. ஏரிக்கரை வண்டிக்கு மட்டும் அங்கே இறங்கித்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று மினி பஸ் சொல்லி வைத்தாள்.

அந்த மூன்று நாள் பயணத்தை மினி பஸ் இன்றைக்கும் கதைகதையாகச் சொல்வாள். பின்சக்கரத்துக்கு மேல் உட்காராதே, டிரைவருக்கு நேர் எதிர்ப்பக்கம் மூன்றாவது வரிசை பிடி என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே பிடித்தாள். ஜன்னல் பக்கத்துக்காக நெட்டையக்காவோடு சண்டை போட்டாள். கோதுமை வயல் வந்தது, அது முடியவே இல்லை. தூங்கி எழுந்தால் அதே வயல். அக்காவின் நீண்ட கால்கள் நடைவழியில் கிடந்து போகிற வருகிறவர்களையெல்லாம் தடுக்கிவிட்டன. அவித்த முட்டையும் ரொட்டியும் தின்று தின்று மூன்றாம் நாள் முட்டையைப் பார்த்தாலே இரண்டு பேரும் சேர்ந்து கும்பிட்டார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நெடுஞ்சாலை ஓரக் கடையில் இருபது நிமிஷம் நின்றது வண்டி. அந்த நாட்டு பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. டிரைவரே தலைகளை எண்ணிவிட்டுக் கிளப்புவார். அன்றைக்கு எண்ணிக்கையில் எங்கேயோ கோட்டை விட்டார். வண்டி நகர்ந்துவிட்டது. பார்த்தால் முன் சீட்டுப் பெரியவர், கையில் காபிக் கோப்பையோடு, கடை வாசலில் திகைத்துப் போய் நிற்கிறார். மினி பஸ் யோசிக்கவில்லை. எழுந்து நின்று, பக்கத்து இரும்புக் கம்பியில் இரண்டு தட்டு தட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஓல்டேன்! ஓல்டேன்!"

சடக்கென்று பிரேக் விழுந்தது. அது 'ஹோல்ட் ஆன்' என்கிற இங்கிலீஷ்காரன் சொல் என்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை, அதைச் சுத்தத் தமிழ் என்றே நினைத்திருந்தாள். பெரியவர் மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியில் இவளைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். இவளும் விடுவாளா? "ரைட்!" என்றாள். வண்டி கிளம்பியது. நெட்டையக்கா சிரித்துச் சிரித்து அழுதே விட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மலையடிவாரத்துச் சின்ன ஊரில் இறங்கினார்கள். பஸ் நிலையம் என்பது ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஒரு கவுண்ட்டர். கவுண்ட்டரில் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மாள். ஜன்னலும் இருந்தது, அதற்குப் பின்னால் பெரிய நோட்டும் இருந்தது. மினி பஸ் அந்த ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் மைல் தள்ளி வந்து, அம்மாவின் அறை! வீட்டுக்கு 'இறங்கிட்டேன்' என்று அனுப்பினாள். வேண்டாத சாமான்களை அந்தக் கவுண்ட்டரிலேயே விட்டுவிட்டு, பாதை தொடங்குகிற இடத்துக்கு நடந்தார்கள்.

அங்கே ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு நோட்டு. மலை ஏறுகிறவர்கள் பெயர், எத்தனை பேர், என்றைக்கு இறங்குவோம், வீட்டு போன் எண் எல்லாம் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் இறங்கிய நேரம். டைம்கீப்பர் பெண் கட்டம் கட்டமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். இறங்கும் நாள்: சனி. வீட்டு போன் எண் என்ற இடத்தில் கை தானாக அம்மாவின் எண்ணை எழுதியது.

அப்புறம்தான் வந்தது வில்லங்கம். ஏரிக்கரை ஊர் பஸ்ஸில் ஏறியதாக அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே!

"பொய்ய முழுசாச் சொல்ல வாய் வரலக்கா" என்றாள்.

"அப்ப உண்மையச் சொல்லிடு. மலையேறிட்டேன்னு போடு."

"ஐயையோ! மலையேறிட்டேன்னா விளக்கு அணைஞ்ச மாதிரியில்ல இருக்கு? எங்கம்மா உக்காந்த இடத்துல அழ ஆரம்பிச்சுடுவாங்க."

"சரி, மேல போயிட்டேன்னு போடு."

"அக்கா! அது செத்துப்போனவங்களுக்குச் சொல்றது!"

நெட்டையக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன பாஷைடி இது, ஒரு மனுஷன் உசுரோட மலைக்குப் போக ஒரு வார்த்தை கிடையாதா?"

இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். திடீரென்று மினி பஸ்ஸுக்குப் பளிச்சென்றது. பஸ்ஸுக்கும் ஏறுவதுதான், மலைக்கும் ஏறுவதுதான். 'ஏறிட்டேன்' என்றால் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பத்து நாற்பதுக்கு அந்த ஒற்றை வார்த்தையை அனுப்பிவிட்டு, ஏதோ பெரிய கணக்கைப் போட்டுவிட்ட மாதிரி சிரித்தாள். ஏரிக்கரைக்கு ஐந்து மணி நேரம். சாயங்காலம் நாலு மணிவாக்கில் மேலே ஒரு முகட்டில் சிக்னல் கிடைக்கும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அங்கிருந்து 'இறங்கிட்டேன்' அனுப்பினால் முடிந்தது காரியம்.

முகட்டில் சிக்னல் கிடைக்கவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பாறை பாறையாகத் தாவிப் பார்த்தாள், அக்காவின் தோளில் ஏறி நின்றுகூடப் பார்த்தாள். போன வருஷம் கிடைத்ததே என்று அக்கா முணுமுணுத்தாள். குளிரில் போன் சார்ஜ் படபடவென்று இறங்கி, ஆறு மணிக்குக் கண்ணை மூடியது. அக்காவின் போன் பாதி வழியிலேயே ஓடையில் விழுந்து செத்திருந்தது.

அன்று ராத்திரி கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு மினி பஸ் கணக்குப் போட்டாள். ஏறிட்டேன் போய்விட்டது. இறங்கிட்டேன் போகவில்லை. அம்மாவின் நோட்டில் முதல் கட்டம் நிரம்பி, இரண்டாவது கட்டம் காலி. மேஜைக்கடியில் பார்த்த அந்தக் கட்டைவிரல்கள் ஞாபகத்துக்கு வந்தன.  காலையில் முதல் வேலையாக, "இறங்கிடலாங்க்கா" என்றாள்.

"இறங்கினா ஆறு மணி நேரம். இந்தக் கணவாய் மேல ரெண்டு மணி நேரம்தான். அந்தப் பக்கம் நிச்சயம் சிக்னல் இருக்கும்" என்றாள் அக்கா. கையில் வரைபடம் இருக்கிறவள் பேச்சை யார் தட்டுவார்கள்? ஏறினார்கள்.

கணவாயின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சிக்னல் இருந்திருந்தாலும் போட போன் இல்லையே என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் இரண்டு மேதைகளுக்கும் தோன்றியது. ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அப்போதுதான் மினி பஸ் கீழே பார்த்தாள். பள்ளத்தாக்கு முழுக்க வெயில். பனி மிச்சம் இருந்த சரிவுகள், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே நூல் மாதிரி ஒரு சாலை. அந்தச் சாலையில் ஒரு பஸ், கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அப்பா தினமும் இதைத்தானே பார்த்திருப்பார்! இவ்வளவு அழகை வேலையாக வைத்திருந்த மனுஷன், அம்மாவுக்காக ஒரே நாளில் அதை விட்டுவிட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற டவுன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்காக அழுதாளா, அம்மாவுக்காக அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. அடித்துப் பெய்தது. கூடாரத்தின் ஒரு கம்பி முறிந்தது. அக்கா தன் ஊன்றுகோலை வைத்து முட்டுக் கொடுத்தாள். சனிக்கிழமை விடிந்து இறங்கப் போனால், வரும்போது கல் மேல் கல்லாகத் தாண்டிய ஓடை இப்போது மார்பளவு சீறிக்கொண்டிருந்தது. அக்கா காலை வைத்துப் பார்க்கப் போனாள். மினி பஸ் அவள் பையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓல்டேன்."

"இன்னிக்கு இறங்கறோம்னு நோட்டுல எழுதியிருக்கோமேடி. உங்கம்மா வேற…"

"நான் படிக்கறதே இதத்தான்க்கா. மழை நின்னு ஒரு நாள் ஆனா இது இறங்கிடும். லேட்டா வந்தா அம்மா திட்டுவாங்க. வராமப் போனா என்ன பண்ணுவாங்க?"

அந்த நாள் முழுக்க ஓடைக்கரையில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பாதி ரொட்டியை இரண்டு பேரும் பங்கு போட்டுத் தின்றார்கள். அம்மாவிடம் சொல்லப் போகிற வார்த்தைகளை மனசுக்குள் எழுதி எழுதி அழித்தாள். பாலம் உடைந்தது என்று சொல்லலாம், பஸ் நின்றது என்று சொல்லலாம். சாயங்காலத்துக்குள் எல்லாப் பொய்யும் தீர்ந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை குச்சி முக்கால்வாசி வெளியே தெரிந்தது. கையைக் கோத்துக்கொண்டு தாண்டினார்கள். ஓட்டமும் நடையுமாக இறங்கி, மத்தியானம் மரப்பெட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். இறங்கிய நேரத்தை எழுத நோட்டைத் திறந்தால், இவர்கள் வரிக்குக் கீழே பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள். 'உங்கள் அம்மா போன் செய்கிறார். நேராக பஸ் கவுண்ட்டருக்கு வரவும்.'

மினி பஸ் அதை இரண்டு தடவை படித்தாள். காலிக் கட்டத்தில் பன்னிரண்டு ஐம்பது என்று எழுதினாள். எழுத்து அவள் எழுத்தாகவே இல்லை.

கவுண்ட்டர் அம்மாள் இவர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். சேறு, கிழிந்த உடுப்பு எதையும் பார்க்கவில்லை. கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேஜையில் ஒட்டியிருந்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"எ… றங்… கிட்… டியா?"

அவ்வளவுதான். மூன்று நாளாகத் தேக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, அந்தக் கம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மினி பஸ் விம்மி விம்மி அழுதாள்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலை அம்மா டிக்கெட்டில் இருந்த நிலையத்து எண்ணைப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் நாலு வார்த்தை: பஸ், டைம், லேட், ப்ளீஸ். டைம்கீப்பருக்கு டைம்கீப்பர், அது போதுமாக இருந்தது. பத்து நாற்பதுக்கு இங்கிருந்து எந்த பஸ்ஸும் இல்லை, ஏரிக்கரை பஸ் திங்கட்கிழமைதான் என்று கவுண்ட்டர் அம்மாள் சொல்லியிருக்கிறாள். இங்கே இறங்குகிறவர்கள் மலைக்குத்தான் போவார்கள் என்றும் சொல்லியிருக்கிறாள்.  அன்று வேலை முடிந்ததும் இந்த அம்மாள் தன் வண்டியை எடுத்துக்கொண்டு மரப்பெட்டிக்குப் போய், நோட்டைப் பார்த்து, வரி வரியாக அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அதற்கப்புறம் காலையும் சாயங்காலமும் போன். ஒவ்வொரு தடவையும் இந்த அம்மாள் என்ன சொன்னாளாம் தெரியுமா? 'வந்துகொண்டே இருக்கிறார்கள்.' கடைசியாக, பெண் வந்ததும் கேட்கச் சொல்லி, அம்மா அந்த ஒரு வார்த்தையை ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்தாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறாள்.

கவுண்ட்டர் அம்மாளே போட்டுக் கொடுத்தாள். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"இறங்கிட்டேம்மா."

 அம்மாவின் குரல், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வருகிற அதே குரல். "எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு அம்பதுக்கும்மா."

பேனா உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஏதோ மேஜை மேல் மடாரென்று விழுந்தது. அப்புறம் அம்மா அழுதாள். மண் சரிந்த அந்த முப்பது மணி நேரத்தில்கூட அழாத அம்மா, வாய்விட்டு அழுதாள்.

"அம்மா, தப்புதான்மா. நான் வந்து…"

"பேசாதடி. உசுரே இல்ல எனக்கு. அப்பா கேட்டுக்கிட்டே இருக்கார். பஸ்ஸு பிரேக்டவுன்னு சொல்லி வச்சிருக்கேன். மூணு நாளா ஒரே வண்டியா பிரேக்டவுனுன்னார். வெளிநாட்டு வண்டி, ஸ்பேர் கிடைக்கலையாம்னேன்."

"நம்பிட்டாராம்மா?"

"டிரைவர்கிட்டயே பிரேக்டவுன் கதை! மூஞ்சியப் பாத்தார். ஒண்ணும் சொல்லாம, அன்னிலேர்ந்து சோத்த அவரே வடிக்கறார்."

மினி பஸ்ஸுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"ஓல்டேன்னு சொல்வியே."

"சொல்லியிருப்பேன்தான். முத நா சொல்லியிருப்பேன். ரெண்டாம் நாளும் சொல்லியிருப்பேன். மூணாம் நா ரைட்டுன்னுருப்பேன். எப்பத்தான் நான் மூணு நா தாண்டியிருக்கேன்? எனக்கு அந்த மூணு நாளக் குடுத்திருந்தா பயப்பட்டு முடிச்சிருப்பேன். நீ குடுக்கல. அதே மூணு நாள இப்படிப் பயந்து கழிச்சேன், தனியா."

  நெட்டையக்கா பக்கத்தில் நின்று தன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா குரலைக் கொஞ்சம் இறக்கி, "மேலேர்ந்து என்னடி தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"ஒரு பஸ்ஸு தெரிஞ்சுதும்மா. வளைவுல ஏறிக்கிட்டிருந்துது. அப்பாவ நெனச்சுக்கிட்டேன்."

"எத்தன மணிக்கு?"

"வெள்ளிக்கிழமை பதினொண்ணு இருக்கும்."

அன்றைக்கு அந்த வண்டி சரியான நேரத்துக்கு வந்ததா என்று கவுண்ட்டர் அம்மாளிடம் கேட்கச் சொன்னாள் அம்மா. கவுண்ட்டர் அம்மாள் நோட்டைப் புரட்டி, பத்து நிமிஷம் லேட் என்றாள். "மலை ரூட்டுல பத்து நிமிஷம்னா நல்ல டிரைவர்தான்" என்றாள் அம்மா.

அடுத்த விடுமுறை ஏழு மாதம் கழித்து வந்தது. அதற்குள், பாறையில் உட்கார்ந்து வார்த்தை தேடிய கதையையும் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இந்தத் தடவை மினி பஸ் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே எழுதினாள். 'அம்மா, மலை. நெட்டையக்காவோட. நாலு நாள். ரெண்டு போன், ரெண்டுக்கும் எக்ஸ்ட்ரா பேட்டரி. ஏறலாமா?' உடனே பதில் வந்தது: 'ஓல்டேன்'. அவள் சிரித்துக்கொண்டு நூலகத்துக்கு வேலைக்குப் போனாள். மறுநாள் காலை மறுபடி 'ஓல்டேன்'. சரி, நாளைக்கு மூன்றாம் நாள் என்று காத்திருந்தாள்.

ஆனால் அன்று சாயங்காலமே, அவள் மாடிப்படிக்குக் கீழே அறையில் உட்கார்ந்து ஜன்னலில் போகிற செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, போன் மினுங்கியது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் அம்மாவின் நோட்டில் ஒரு வண்டிகூட ஒரு நாள் முன்னதாக வந்து சேர்ந்ததில்லை. இது வந்திருந்தது.

'மலையேறிட்டேன்னு போடாத. மேல போயிட்டேன்னும் போடாத. அப்பாவும் நானும் உக்காந்து யோசிச்சோம். மேல இருக்கேன்மான்னு போடு. அப்பா அந்த ரூட்டு பஸ்ஸப் பாத்தா போட்டோ எடுக்கச் சொல்றார். ரைட்.'